எச்சில் தடம்

கிணற்றடியில் சங்கிலி உரசும் சத்தம் கேட்டதும் மார்கிரட் தேநீர்க் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள்.

ஓடியும் பலனில்லை. வேலியில் இடைவெளியாக இருந்த பொட்டுக்குள்ளால் குனிந்து அவள் வெளியே வருவதற்குள் காரியம் முடிந்திருந்தது. நீரிறைக்கும் துலா மரத்தைக் கீழே இழுத்துக் கிணற்றுக் கட்டோடு சேர்த்துச் சங்கிலி போட்டாயிற்று. சங்கிலியின் நுனியில் அரைத் தேங்காய் அளவில் ஓர் ஆமைப்பூட்டு தொங்கியது. பூட்டின் திறப்பை மடியில் செருகிக்கொண்டு முருகேசு நிமிர்ந்தார்.

"இனி இந்தக் கிணத்திலை உங்கடை ஆக்களுக்கு ஒரு சொட்டும் இல்லை."

"முருகேசண்ணை, இது பங்குக் கிணறு. பாதி எங்கடை."

"ஓம், பாதி உங்கடைதான். அந்தப் பாதித் தண்ணியிலையே கொண்ணை நஞ்சு கலந்து என்ரை கத்தரிக்கு அடிச்சவர்?"

மார்கிரட்டின் அண்ணன் லயனல் அதற்குள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான். சாவகச்சேரியில் அவள் விலங்கியல் படிப்பிக்கும் மாணவிகள் மொத்தமாகக் கூச்சலிட்டாலும் லயனலின் ஒற்றைத் தொண்டைக்கு ஈடாகாது.

"ஆரடா நஞ்சு கலந்தது? பூட்டைக் கழட்டு! என்ரை புகையிலை நாத்து வெயிலிலை நிக்குது!"

"என்ரை கத்தரி எரிஞ்சுபோய் நிக்குது! அதுக்கு என்ன சொல்லுறாய்?"

லயனல் திரும்பிக் கத்தரியைப் பார்த்தான்.

கொடிகாமத்துக்கு வடக்கே அந்தக் குறிச்சியில் அப்படி ஒரு கத்தரித் தோட்டம் வேறு கிடையாது. முருகேசுவின் கத்தரியைப் பார்க்கவென்றே சந்தை வியாபாரிகள் சைக்கிளை நிறுத்துவார்கள். இப்போது வேலியோர வரிசைகள் முழுவதும் ஓரம் கருகி, இலைகள் தோணி போல மேல்நோக்கிச் சுருண்டு நின்றன. யாரோ தீப்பந்தத்தைப் பிடித்துக்கொண்டு வரிசைக்கு வரிசை நடந்தது போலிருந்தது. கருக்கல் வேலிப் பக்கம் தொடங்கி உள்ளே உள்ளே நகர்ந்துகொண்டிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் லயனலின் காணி.

போதாக்குறைக்கு லயனலின் வாய். ஆவணியில் வேலிச் சண்டை நடந்தபோது, ஊரே கேட்க, "உன்ரை தோட்டம் எரிஞ்சு சாம்பலாப் போகும்!" என்று கத்தியவன் அவன். அதன் பிறகு மருந்து அடிக்கும் தாங்கியை முதுகில் சுமந்துகொண்டு வேலியோரம் நடந்தவனும் அவனே. தாங்கிக்குள் வேப்பெண்ணெயும் சவர்க்காரத் தண்ணீரும்தான் இருந்தன என்பது மார்கிரட்டுக்குத் தெரியும். ஊருக்கு அது தெரிந்து என்ன பயன்? ஊர் நம்ப வேண்டுமே.

"பின்னேரம் நாலு மணிக்கு வாசிகசாலையிலை கூட்டம்," என்றார் முருகேசு. "ஸ்ரேசன் மாஸ்ரர் தியாகலிங்கம்தான் தலைமை. நஞ்சு கலந்தவனுக்குக் கிணத்திலை பங்கில்லை எண்டு தீர்க்கப்போகினம். பிறகு உந்த நாத்துக்குக் கொண்ணை கண்ணீர் இறைக்கட்டும்."

தொண்ணூற்று நாலாம் ஆண்டு அது. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் கிடைப்பதே அருமை. நீரிறைக்கும் மிசின்களுக்குள் கோழிகள் அடைகாத்தன. இந்தத் துலாவை விட்டால் வேறு தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லாவிட்டால் நாற்று நாளைக்கே சரிந்துவிடும். அதற்குப் பிறகு லயனல் அந்தக் காணியில் என்ன செய்வான்? தகப்பன் விட்டுப்போனது அந்தக் காணியும் அரைக் கிணறும் மட்டுமே.

அவள் வாய்ச்சண்டையை விட்டுவிட்டுக் கத்தரிக்குள் இறங்கினாள்.

முதலில் கண்ணில் பட்டது புல். கருகிய கத்தரியின் காலடியில் அறுகும் குப்பைமேனியும் பச்சைப் பசேலென்று நின்றன. நஞ்சென்றால் அவற்றை மட்டும் விட்டுவைக்குமா? அவள் ஓர் இலையைப் பிடித்துத் திருப்பினாள். இலையின் அடியில் வெளிர்பச்சையாக ஒன்று விருட்டென்று ஓடியது. நேராக ஓடவில்லை. நண்டு போலப் பக்கவாட்டில் ஓடி நரம்பின் மறைவில் ஒளித்துக்கொண்டது. பக்கத்தில் இன்னொன்று. அதற்கப்பால் ஐந்தாறு.

இலையைப் பிடித்தபடியே கூவினாள்.

"முருகேசண்ணை! இஞ்சை வாங்கோ! நஞ்சில்லை, பூச்சி! இலைத்தத்தி!"

முருகேசு வந்தார். இலையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"பிள்ளை, நான் மீசை முளைக்க முதல் கத்தரி வைச்சவன். பூச்சி எண்டால் கடிக்கும். கடிச்சால் ஓட்டை விழும். இந்த இலையிலை எனக்கு ஒரு ஓட்டையைக் காட்டு, நான் இப்பவே பூட்டைக் கழட்டுறன்."

மார்கிரட் இலையை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தாள். ஓட்டை இல்லை.

"இது கடிக்கிற சாதியில்லை அண்ணை. ஊசி போலை வாயைக் குத்தி உறிஞ்சுறது. உறிஞ்ச முதல் எச்சிலை உள்ளுக்குத் துப்பும். அந்த எச்சில்தான் இலையை எரிக்குது."

"எள்ளளவு பூச்சி துப்பி என்ரை தோட்டம் எரிஞ்சதோ!" முருகேசு ஊரைக் கூப்பிடும் குரலில் சொன்னார். "கேட்டியளே கதையை! கொண்ணைக்காகக் கதைக்கிறாய் பிள்ளை, எனக்கு விளங்குது. உனக்கு ஒரேயொரு அண்ணைதானே."

"காட்டினால்?"

"என்னத்தை?"

"அந்த எச்சிலை. கூட்டத்திலை, எல்லாருக்கும் முன்னாலை, உங்கடை கண்ணாலை நீங்களே பார்க்கிற மாதிரிக் காட்டினால் பூட்டைக் கழட்டுவியளோ?"

முருகேசு தாடையைச் சொறிந்தார். அவர் கண்ணில் ஏதோ ஒரு யோசனை ஓடி மறைந்தது.

"காட்டு. ஆனால் இலையை நீ பிடுங்கக்கூடாது. மத்தியானம் நானே பிடுங்கித் தருவன்."

"சரி."

சொல்லிவிட்டாள். எப்படிக் காட்டுவது என்பதுதான் அவளுக்குத் தெரியாது.

*

எச்சில் கண்ணுக்குத் தெரியாது. பூச்சியே எள்ளளவு என்றால் அதன் எச்சில் எவ்வளவு இருக்கும்? பேராதனையில் படித்த காலத்தில் விரிவுரையாளர் சொன்னது மட்டும் நினைவில் இருந்தது. அந்த எச்சிலுக்குள் புரதங்கள் உண்டு. ஒரு வகை, இலையின் உயிர்க்கலங்களான கண்ணறைகளின் சுவர்களைக் கரைக்கும். இன்னொரு வகை உள்ளே போனதும் உறைந்து, நரம்பிலேயே கட்டியாக நின்றுவிடும். பூச்சி பறந்து போனாலும் கட்டி போகாது. அதைச் சாயமேற்றினால் நுணுக்குக்காட்டியில் பிடித்துவிடலாம். ஆனால் சாயம்? பள்ளி ஆய்வுகூடத்தில் சாயப் போத்தல்கள் வறண்டு வருடக்கணக்காகிறது. தடையில் பற்றரியே வராத ஊருக்குச் சாயம் எங்கிருந்து வரும்?

யோசித்தபடியே குடத்துத் தண்ணீரில் கையைக் கழுவினாள். கத்தரி இலையின் பிசுக்குப் போயிற்று. மண் போயிற்று. நடுவிரல் நுனியில் இருந்த சிவப்பு மட்டும் போகவில்லை. நேற்று முழுக்கச் சோதனைத்தாள் திருத்திய சிவப்பு மை. சட்டையில் பட்டால் ஒரு தோய்ச்சலில் போகிற மை, தோலில் பட்டால் ஏன் நாட்கணக்கில் நிற்கிறது?

தோல் புரதம் அல்லவா!

"அண்ணை!" அவள் போட்ட கூச்சலில் லயனல் வேலிப் படலைக்கு ஓடி வந்தான். "சைக்கிளுக்குக் காத்தடியுங்கோ! கெதியா!"

"எங்கை போறாய்?"

"சாவகச்சேரிக்கு. மைக்கிறஸ்கோப் எடுக்க. வழியிலை சாராயமும் வாங்க வேணும்."

லயனலின் வாய் திறந்தபடி நின்றது. அவர்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக மது ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைவர்கள் உண்டு. கிறிஸ்மஸ் கேக்கில்கூட முந்திரிகை வத்தலைத் தேயிலைச் சாயத்தில் ஊறப்போடும் மெதடிஸ்த வீடு அது.

"உனக்கு விசரே?"

"காத்தை அடியுங்கோ அண்ணை!"

கண்டி வீதியில் அன்று காலை அவளைக் கண்டவர்கள் ஏதோ செத்தவீட்டுச் சேதி என்றே நினைத்திருப்பார்கள். எதிர்காற்றில் சேலைத் தலைப்பு படபடக்க, லொறிகளின் புழுதியைக் குடித்துக்கொண்டு மிதித்தாள். ஆய்வுகூடத் திறப்பு அவளிடம்தான். பித்தளை நுணுக்குக்காட்டியைப் பெட்டியோடு தூக்கிப் பின்கரியரில் வைத்து, பழைய சைக்கிள் ரியூப்பால் இறுக்கினாள். கண்ணாடியால் வெளிச்சத்தை வாங்கும் பழைய வகை அது. மின்சாரம் வேண்டாம், வெயில் வேண்டும். அண்ணாந்து பார்த்தாள். வானம் வெளித்திருந்தது. தெற்கே மட்டும் ஒரு சின்ன முகில்.

கொடிகாமம் சந்தையில் மீன் விற்கும் சந்தியோகுவைத் தெரியாதவர்கள் இல்லை. அவனுடைய மீன்பெட்டிக்கு அடியில் இன்னொரு பெட்டி இருப்பதும் தெரியாதவர்கள் இல்லை.

"வாங்கோ ரீச்சர்! விளைமீன் இருக்கு, உயிரோடை."

"மீன் வேண்டாம். அடியிலை இருக்கிறது வேணும்."

சந்தியோகுவின் கத்தி அந்தரத்தில் நின்றது.

"அடியிலை… ஐஸ் இருக்கு ரீச்சர்."

"சந்தியோகு, எனக்கு நேரமில்லை. இருக்கிறதுக்குள்ளை ஆகத் திறமானது எது?"

"மாதாவே!" அவன் குரல் இறங்கியது. "உங்கடை போதகருக்குத் தெரியுமே? லயனல் அண்ணைக்கோ?"

"எனக்குத்தான்."

சந்தியோகு சிலுவை போட்டுக்கொண்டான். பழைய செய்தித்தாளில் குழந்தையைச் சுற்றுவது போல ஒரு போத்தலைச் சுற்றினான்.

"முதல் வடி. நெருப்புப் பத்தும். பச்சையாக் குடிச்சிடாதையுங்கோ ரீச்சர், நெஞ்சு கருகிடும். இளநி கலவுங்கோ."

"இலையைத்தான் குளிப்பாட்டப் போறன்," என்றாள் மார்கிரட்.

அவள் சைக்கிள் வளைவில் மறையும்வரை அவன் பார்த்துக்கொண்டே நின்றான். பாவம், படிச்ச பிள்ளை, இப்படிப் புத்தி பேதலித்துப் போச்சே என்பது போல இருந்தது அந்தப் பார்வை.

*

மத்தியானம் முருகேசு மூன்று இலைகளை வாழையிலைத் துண்டில் வைத்துக் கொண்டுவந்தார். ஒன்று பச்சை. மற்ற இரண்டும் கருகல். ஒவ்வொன்றின் காம்பிலும் ஒரு நூல்: வெள்ளை, கறுப்பு, மஞ்சள்.

"எது எங்கையிருந்து எடுத்தது எண்டு நான் சொல்லமாட்டன். நீயே கண்டுபிடி. என்ரை வளவிலை, என்ரை மனுசி பார்க்க, உன்ரை வேலையைச் செய். கள்ள வேலை செய்தாய் எண்டு நாளைக்கு ஒருத்தரும் சொல்லக்கூடாது."

முருகேசுவின் மனைவி பராசக்தி முற்றத்தில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினாள். சைவச் சமையல் செய்யும் குசினிக்குள் சாராயத்தை விட அவள் தயாராக இல்லை. பெரிய சட்டியில் தண்ணீர், அதற்குள் கிண்ணத்தில் சாராயம், சாராயத்துக்குள் இலைகள். சூடு ஏற ஏற முற்றம் முழுவதும் சாராயத் தவறணையின் மணம் வீசியது. பராசக்தி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள்.

"எடியே! சாராயம் பச்சையாப் போச்சு, இலை வெள்ளைக் கடுதாசி மாதிரிப் போச்சு!"

"இலையின்ரை பச்சை கழண்டு வந்திட்டுது அக்கா. இனித்தான் விஷயம்."

மார்கிரட் இலைகளைச் சிவப்பு மையில் தோய்த்தாள். பிறகு மிச்சச் சாராயத்தில் திரும்பத் திரும்ப அலசினாள். மை இலையை விட்டு வழிந்து, இளஞ்சிவப்பாக மட்டும் எஞ்சியது. புதுப் பிளேட்டால் ஒவ்வொரு இலையின் நரம்பிலும் மயிரிழை மெல்லிசாகச் சீவிக் கண்ணாடித் தகட்டில் ஏற்றி, அந்தந்த நூலையும் தகட்டில் கட்டினாள்.

இப்போதே பார்க்க வேண்டும் போலிருந்தது. ஆனால் முருகேசு பக்கத்திலேயே நின்றார். "கூட்டத்திலைதான் பார்க்க வேணும்," என்றார்.

தகடுகளைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியபோது அவள் பார்வை வேலிப் பக்கம் போயிற்று. பூவரச வேலி மொட்டையாக நின்றது. ஒரேயொரு அடிக்கட்டையில் மட்டும் கொஞ்சம் தளிர். ஏனென்று தெரியாமலே எழுந்துபோய் அந்தத் தளிரைத் திருப்பினாள்.

வெளிர்பச்சையாக ஒன்று பக்கவாட்டில் ஓடியது.

மார்கிரட் அப்படியே குந்திவிட்டாள். புகையிலை நட முன்னர் பூவரசங் குழையை வெட்டித் தோட்டத் தறைக்குள் உரமாகத் தாழ்ப்பது ஊர் வழக்கம். ஒரு வருடம் வேலியின் ஒரு பக்கம் வெட்டினால், அது தளிர்க்கும்வரை மறுபக்கத்தைத் தொடமாட்டார்கள். இந்த வருடம் அப்படி நடக்கவில்லை. முருகேசு குடும்பத்தோடு தொண்டைமானாற்றுக்குச் சந்நிதி கோயில் தேருக்குப் போயிருந்த சமயம், முறை தன்னுடையதல்லாதபோதும், லயனல் தன் பக்கத்தை வெட்டிவிட்டான். அதுதான் ஆவணிச் சண்டை.

வீடு பறிபோன பூச்சி எங்கே போகும்? பக்கத்தில் கத்தரி.

வேலிக்கு மறுபுறம் நின்ற லயனல் தங்கையின் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டான். முதல் தடவையாக அவன் குரல் தாழ்ந்து கேட்டது.

"மார்கிரட். உதைச் சொல்லிப்போடாதை. பூச்சி எண்டு மட்டும் சொல்லு. உது தெரிஞ்சால், நஞ்சு கலக்காட்டிலும் பூச்சியை ஏவி விட்டவன் எண்டு என்ரை பங்கைப் பறிப்பாங்கள்."

அவள் அண்ணாந்து பார்த்தாள். தெற்கே இருந்த சின்ன முகில் இப்போது சின்ன முகிலாக இல்லை.

*

நாலு மணிக்குச் சரியாக விசில் ஊதியது.

கொடிகாமத்துக்கு றெயில் வராமல் நாலு வருடமாயிற்று. ஆனால் ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் தியாகலிங்கத்தின் விசிலுக்கு ஓய்வில்லை. வாசிகசாலை முற்றத்தில் ஊர் முழுவதும் கூடியிருந்தது. மீன்பெட்டியோடு சந்தியோகுவும் நின்றான். ரீச்சர் தள்ளாடாமல் நடப்பதைக் கண்டு அவனுக்கு ஆச்சரியம்.

"இரண்டு பகுதியும் சொன்னதைக் கேட்டாச்சு," என்றார் தியாகலிங்கம். "இப்ப ரீச்சர் காட்டுறதைப் பார்ப்பம். பிறகு தீர்ப்பு. பிந்தாமல் நடக்கட்டும்."

மார்கிரட் நுணுக்குக்காட்டியை மேசையில் நிறுத்திக் கண்ணாடியைத் திருப்பினாள். குனிந்தாள்.

இருட்டு.

சூரியனை முகில் முழுதாக விழுங்கியிருந்தது. கண்ணாடியை அந்தப் பக்கம் திருப்பினாள், இந்தப் பக்கம் திருப்பினாள். சாம்பலைத் தவிர ஒன்றுமில்லை. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

"எச்சில் காய்ஞ்சு போச்சுப் போலை!"

"கொஞ்சம் பொறுங்கோ, முகில் விலகும்."

"பொறுக்கேலாது," என்றார் முருகேசு. "இல்லாததை என்னெண்டு காட்டுறது? தீர்ப்பைச் சொல்லுங்கோ மாஸ்ரர்!"

லயனல் தலையைக் குனிந்தான். தியாகலிங்கம் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். பாதி வழியில் நிறுத்தினார்.

"வெளிச்சம்தானே வேணும்? சமிக்ஞை விளக்கு இருக்குது. அரை மைலுக்கு அப்பாலை வாற றெயிலையே மறிக்கிற விளக்கு. ஆனால்…" அவர் மேசைக்கடியில் இருந்த விளக்கை எடுத்துக் குலுக்கினார். உள்ளே சத்தம் இல்லை. "ஆரிட்டையாவது மண்ணெண்ணெய் இருக்குதோ?"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. மண்ணெண்ணெயாம்! தங்கம் இருக்கோ என்று கேட்டிருக்கலாம்.

"இவரிட்டை இருக்கு!"

சொன்னது பராசக்தி. விரல் நீட்டியது தன் புருஷன் மடியை.

"வீட்டிலை வைச்சால் நான் அடுப்புக்கு ஊத்திப்போடுவன் எண்டு காலமையிலை இருந்து மடியிலை கட்டிக்கொண்டு திரியிறார். மணம் எனக்குத் தெரியாதே?"

முருகேசுவின் முகம் ஒரு மாதிரியாயிற்று. வேறு வழியில்லாமல் மடிக்குள்ளிருந்து ஒரு சின்ன மருந்துப் போத்தலை எடுத்து நீட்டினார். பாதி காலியாக இருந்தது. மற்றப் பாதி எங்கே போயிற்று என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. விளக்கு பற்றியது. தடித்த கண்ணாடிக்குள்ளால் வெள்ளை வெளிச்சம் கத்தியாகப் பாய்ந்து நுணுக்குக்காட்டியின் கண்ணாடியில் விழுந்தது.

மார்கிரட் வெள்ளை நூல் தகட்டை வைத்தாள். இளஞ்சிவப்பு வயல், ஒழுங்காக அடுக்கிய கட்டங்கள், தடை ஒன்றுமில்லை.

"இது நல்ல இலை. பூச்சி தொடேல்லை. வேலியிலை இருந்து தூரத்திலை எடுத்தது."

முருகேசு தலையசைத்தார்.

கறுப்பு நூல். அவள் குனிந்தாள். நரம்புக்குள் இரத்தச் சிவப்பாக ஒரு தடம். ஊசி குத்தி நுழைந்த வழியெங்கும் சிவந்த துளிகள். தடம் முடிந்த இடத்தில், நரம்பின் வாய்க்குள், அடைப்பான் போல ஒரு சிவப்புக் கட்டி. அதற்கப்பால் எல்லாம் நொறுங்கிக் கிடந்தது.

"முருகேசண்ணை," அவள் விலகி வழிவிட்டாள். "வந்து பாருங்கோ."

அவர் குனிந்தார். ஒரு கண்ணை மூடினார். பிறகு மற்றக் கண்ணை மூடினார். பிறகு அசையவே இல்லை.

"இந்தச் சிவப்பு என்ன?"

"எச்சில். எச்சிலுக்குள்ளை இருக்கிற புரதம். முட்டை வெள்ளைக்கரு சூட்டிலை கட்டியாகிற மாதிரி, அது இலைக்குள்ளை போய்க் கட்டியாகிட்டுது. வாய்க்கால் தலைப்பிலை மண் அடைச்சால் கடைசிப் பாத்தி என்னவாகும்?"

"காயும்," என்றார் முருகேசு தன்னையறியாமல். "கிணறு நிறையத் தண்ணி இருந்தாலும் காயும்."

"இலைக்கு ஓரம்தான் கடைசிப் பாத்தி அண்ணை. அதுதான் ஓரத்திலை இருந்து கருகுது."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து பரவியது. ஆனால் முருகேசு நிமிர்ந்தபோது அவர் கண்ணில் காலையில் ஓடிய அதே யோசனை மினுங்கியது.

"மூண்டாவதையும் பார். அதுவும் கருகின இலைதான். அதுக்கும் பூச்சிதானே காரணம்?"

மஞ்சள் நூல். மார்கிரட் பார்த்தாள். தகட்டை நகர்த்தினாள். மறுபடி பார்த்தாள். கண்ணறைகள் வெந்து சுருங்கிக் கிடந்தன, ஆனால் தடம் இல்லை. ஒரு சிவப்புத் துளிகூட இல்லை. பூச்சி என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது, எல்லோரும் நம்பிவிடுவார்கள். இல்லையென்றால் நஞ்சு என்று அவளே சாட்சி சொன்னதாகிவிடும். லயனல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்லை," என்றாள். "இதிலை பூச்சி குத்தேல்லை. இதை எரிச்சது வேறை ஏதோ ஒண்டு."

லயனல் கண்ணை மூடிக்கொண்டான்.

முருகேசு மெதுவாக வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். விளக்கைப் பார்த்தார். தன் மடியைப் பார்த்தார்.

"அது நான்தான்," என்றார். "காலமை நல்ல இலை ஒண்டிலை மண்ணெண்ணெய் தடவி விட்டனான். எதைக் காட்டினாலும் பூச்சி பூச்சி எண்டு சொல்லுவாய், அப்ப பிடிக்கலாம் எண்டு."

"மண்ணெண்ணெயை இலைக்குத் தடவினியளோ!" பராசக்தி அலறினாள். "நான் விளக்கில்லாமல் இருட்டுக்குள்ளை உலை வைக்கிறன்!"

சிரிப்பு வாசிகசாலைக் கூரையைத் தூக்கியது. தியாகலிங்கம் விசில் ஊதி அடக்க வேண்டியதாயிற்று. ஆனால் முருகேசு சிரிக்கவில்லை.

"நஞ்சில்லை. ஒத்துக்கொள்ளுறன். ஆனால் ஒரு கேள்வி. இவ்வளவு காலமும் வராத பூச்சி இந்த வருசம் மட்டும் எங்கையிருந்து வந்தது?"

மார்கிரட் அண்ணனின் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் சொல்லமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும்.

"வேலியிலை இருந்து. அது பூவரசிலை குடியிருந்த பூச்சி. குழை வெட்டினவுடனை கத்தரிக்கு இறங்கிட்டுது."

"பாத்தியளே!" முருகேசு துள்ளி எழுந்தார். "வேலியை வெட்டினது ஆர்? இவன்! நான் சந்நிதியிலை நிக்கேக்கை, முறையும் இல்லாமல் வெட்டினவன் இவன்!"

"ஓம், வெட்டினது நான்தான்!" லயனலின் தொண்டை திரும்பி வந்தது. "என்ரை பக்கத்தைத்தான் வெட்டினன்! மற்றப் பக்கம் நிண்டதே! மற்றப் பக்கத்தை வெட்டினது ஆர்?"

முருகேசு மெதுவாகத் திரும்பவும் உட்கார்ந்தார்.

"சொல்லுங்கோ," என்றாள் பராசக்தி. "தேர் முடிஞ்சு வந்த அண்டைக்கே, அவன் பாதி வெட்டினால் நான் மிச்சத்தையும் வெட்டுவன் எண்டு கத்தியைத் தூக்கினது ஆர்? ஒரு பக்கத்தை விடுங்கோ எண்டு நான் காலைப் பிடிக்காத குறை!"

மார்கிரட்டுக்குப் பொறி தட்டியது. மறுபக்கம் நின்றிருந்தால் பூச்சி அங்கேயே தங்கியிருக்கும். அதற்காகத்தான் முன்னோர் ஒரு பக்கத்தை விட்டுவைத்தார்களோ என்னவோ. இரண்டு பக்கமும் ஒரே கிழமையில் மொட்டையானது அந்த வேலியின் ஆயுளுக்கே இதுதான் முதல் தடவை.

"பாதிப் பூச்சி லயனலின்ரை, பாதிப் பூச்சி முருகேசுவின்ரை," என்றார் தியாகலிங்கம். "பங்குக் கிணறு மாதிரிப் பங்குப் பூச்சி. இதுக்கு நான் என்ன தீர்ப்புச் சொல்லுறது?"

"தீர்ப்புப் பிறகு சொல்லுங்கோ!" மார்கிரட் மேசையில் தட்டினாள். "உள்வரிசைக்கு இன்னும் பூச்சி போகேல்லை. வெள்ளை நூல் இலையைப் பாத்தனீங்கள்தானே, அது சுத்தம்! இப்பவே வேப்பங்கொட்டை இடிச்சுக் கரைச்சு அடிச்சால் பாதித் தோட்டம் மிஞ்சும். அண்ணையிட்டைத் தாங்கி இருக்கு, வேப்பெண்ணெயும் மிச்சம் இருக்கு. தண்ணிதான் வேணும். தண்ணிக்குப் பூட்டு!"

எல்லோரும் முருகேசுவைப் பார்த்தார்கள். அவர் மடியைத் தடவினார். திறப்பு இருந்தது. அடுத்த கணம் வாசிகசாலைப் படியால் இறங்கி ஓடத் தொடங்கினார். அந்த வயதில் அவர் ஓடியதை ஊர் அன்றுதான் கண்டது. பின்னால் லயனல். அவனுக்குப் பின்னால் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மார்கிரட். அவளுக்குப் பின்னால் பாதி ஊர். மீதி ஊர் நுணுக்குக்காட்டிக்கு முன்னால் வரிசையில் நின்றது. விளக்கில் எண்ணெய் தீரும்முன் எச்சிலைப் பார்த்துவிட வேண்டும் என்று தள்ளுமுள்ளு.

"ஒவ்வொருத்தராய்! ஒவ்வொருத்தராய்!" தியாகலிங்கத்தின் விசில் தோட்டம்வரை கேட்டது.

கிணற்றடியில் முருகேசு திறப்பைத் துவாரத்தில் நுழைக்க இரண்டு தரம் தவறினார். லயனல் பூட்டைப் பிடித்துக்கொடுத்தான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சங்கிலி கலகலவென்று சரிந்தது. பாரம் கட்டிய பின்பக்கம் தாழ, துலா கிறீச்சிட்டுக்கொண்டு வானத்தை நோக்கி எழும்பியது.

"முதல் வாளி வேப்பங்கொட்டைக்கு," என்றார் முருகேசு மூச்சிரைக்க. "ரெண்டாவது உன்ரை நாத்துக்கு. ஏறடா துலாவிலை, என்னத்தைப் பாக்கிறாய்?"

லயனல் துலாவில் தாவி ஏறினான். வாளி கிணற்றுக்குள் இறங்கியது. மார்கிரட் அதற்குள் வேப்பங்கொட்டை இடிக்க உரலுக்கு ஓடிவிட்டாள்.